கட்டிப் பார்க்கிற வேலை

நிஜக் கட்டைன்னுதானே நெனச்சீங்க? எல்லாரும் அப்படித்தான்க்கா நெனைப்பாங்க. இந்த பஸ் டிவில ஓடுதே, அந்த ரயிலு, அந்த ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மை, பின்னாடி தெரியற மலை, எதுவுமே நிஜம் கிடையாது. பிள்ளைங்க ஒண்ணு மேல ஒண்ணு சொருகி வீடு கட்டுமே பிளாஸ்டிக் கட்டை, அதை யாரோ மேஜை மேல கட்டி, கையால நகர்த்தி நகர்த்திப் படம் எடுத்த மாதிரி இருக்கா? இருக்கணும். அப்படி இருக்கறதுக்குத்தான் எங்க ஆபீஸ்ல நூத்தி இருபது பேர் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கறோம். அத்தனையும் கம்ப்யூட்டர்.

ஆமா, நான் அந்த ஆபீஸ்தான். வடபழனில. பேரு பூங்கோதை. கடைசில பேரெல்லாம் ஓடும்போது பார்க்கறேங்கறீங்களா? வேண்டாம். பஸ்ஸுல அதுக்குள்ள அடுத்த படம் போட்டுடுவான். போடாட்டியும் பிரயோஜனம் இல்ல. இந்தப் படத்துல என் பேரு கிடையாது. இதுல இருக்கற அழுக்கு பூரா என்னுது, பேரு மட்டும் இல்ல.

அழுக்குதான்க்கா. என் வேலையே அழுக்கு பண்றதுதான். கம்ப்யூட்டர்ல கட்டை பண்ணா அது பாத்திரக்கடை எவர்சில்வர் மாதிரி பளபளன்னு இருக்கும். பார்க்கறவங்களுக்கு நம்பிக்கை வராது. நிஜக் கட்டைல கீறல் இருக்கும். ஓரத்துல அச்சுல வார்த்த கோடு மயிரிழை மாதிரி ஓடும். எண்ணெய்க் கை பட்ட ரேகை இருக்கும். ஏதாவது ஒரு பிள்ளை கடிச்சு வச்சிருக்கும். அதெல்லாம் போடறது நான். நகர்றதுகூடப் பாருங்க, லேசா தத்தித் தத்தித்தானே நகருது? வழவழன்னு நகர்ந்தா கம்ப்யூட்டர்னு தெரிஞ்சிடும். அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. அழுக்கு என்னுது.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போவேன். பழைய இரும்பு, பழைய செருப்புக்கு நடுவுல கோணி மேல கொட்டி வச்சிருப்பான், எவன் வீட்டுப் பிள்ளை விளையாடினதோ. பொறுக்கிட்டு வந்து சோப்புத் தண்ணி போடாம லென்ஸ் வச்சுப் பார்ப்பேன். எந்த இடம் முதல்ல தேயும், எந்தக் கலர் வெயில்ல வெளுக்கும், எத்தனை வருஷத்துல பிடிப்பு விட்டுப் போகும், எல்லாம் எனக்கு அத்துப்படி. ரெண்டரை வருஷம். என் வீட்டுக்காரர் கேசவன் சொல்வாரு, "ஊர்ல எல்லாரும் அழுக்கைப் போக்கச் சம்பளம் வாங்கறாங்க, நீ ஒருத்திதான்டி உண்டாக்கச் சம்பளம் வாங்கற"ன்னு.

படம் வந்துச்சு. அம்பத்தூர்ல பதினாலு டிக்கெட். என் அம்மா, தம்பி குடும்பம், மாமனார், நாத்தனார் வீட்ல அஞ்சு பேர், எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன். மாமனாருக்கு அப்பதான் கண்ணு ஆபரேஷன் ஆகி பத்து நாள். கறுப்புக் கண்ணாடியோட வந்தாரு. படம் முடிஞ்சு ஜனமெல்லாம் எழுந்து போயிடுச்சு. நாங்க பதினாலு பேரும் உட்கார்ந்திருக்கோம். பேரு ஓடுது, ஓடுது, ஓடிட்டே இருக்கு. பெருக்கறவங்க துடைப்பத்தோட வந்து நிக்கறாங்க. "கொஞ்சம் இருங்கம்மா, எங்க வீட்டுப் பொண்ணு பேரு வரும்"னு எங்க அம்மா அவங்களையும் நிறுத்தி வச்சிடுச்சு.

எங்க பிரிவு வந்துச்சு. அஞ்சு பேரு. நான் இல்ல.

அதுக்கப்புறமும் ஓடுது. எங்க ஆபீஸ்ல ஏசி ரிப்பேர் பார்க்க வர்றவர் பேரு இருந்துச்சுக்கா. ஏசி ரிப்பேர். மாமனார் கண்ணாடியைக் கழட்டிட்டு, "வந்துருச்சாம்மா? எனக்குத்தான் தெரியலையா?"ன்னாரு. லைட்டைப் போட்டுட்டான். அப்ப என் நாத்தனார் கலாவல்லி, அவங்களுக்கு வாய் சும்மா இருக்காது, நல்லாத் திரும்பிப் பார்த்துக் கேட்டாங்க. "அப்ப நீ அங்க என்னதான் பண்ற பூங்கோதை?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் அடுத்த மூணு வருஷம் வேலை பார்த்தேன்.

ஆல்வின்னு ஒருத்தன். எங்களுக்கெல்லாம் தலைவன். அப்ப அவரு, இவருன்னுதான் சொல்லிட்டிருந்தேன், அந்தப் பழக்கம் போயிடுச்சு. திங்கக்கிழமை நேரா அவன் ஸீட்டுக்குப் போனேன். "என் பேரு ஏன் இல்ல?"ன்னேன்.

அவன் எழுந்து நின்னுட்டான். "ஃபாரம் வந்துச்சே பூங்கோ, நீங்க நிரப்பலையா? நிரப்பினவங்க பேரைத்தான் அவங்க எடுத்திருக்காங்க. நான் ஒரு தடவை லிஸ்டைப் பார்த்திருக்கணும். சாரி. நிஜமாவே சாரி."

ஃபாரமாம்! ஆபீஸ் மெயில் ஒரு நாளைக்கு எத்தனை வரும் தெரியுமா? தண்ணித் தொட்டி கழுவறாங்க, ரத்ததான முகாம், யாரோ வண்டியைக் குறுக்க விட்டிருக்காங்க. வேலை செய்யறவ எவளாவது அதையெல்லாம் திறந்து படிப்பாளா? நான் எதையுமே திறக்கறதில்ல. மூணு தடவை ஞாபகப்படுத்தி அனுப்பினாங்களாம். அனுப்பட்டுமே. பக்கத்துலயே உட்கார்ந்திருக்கற ஆல்வின் வாயைத் திறந்து சொல்ல மாட்டானா? சொன்னேன்னு சொல்றான். கேன்டீன்ல வச்சுச் சொன்னானாம், நான் தலையாட்டினேனாம். எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகமே இல்ல.

வேணும்னேதான் பண்ணான். ஏன்னா அந்த அழுக்கைப் பார்த்துட்டு, படத்தை எங்களுக்குக் கொடுத்த வெளிநாட்டுக்காரங்க ஒரு மீட்டிங்ல என்னைத்தான் பாராட்டினாங்க, அவனை இல்ல. அவன் அன்னிக்குக் கைதட்டினான். ரொம்ப நேரம் தட்டினான். அவ்வளவு நேரம் தட்டறவன் மனசுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதா?

நான் சண்டை போடலக்கா. சண்டை போடறவ தோத்துடுவா. "பரவால்ல ஆல்வின்"னு சிரிச்சுட்டு வந்து உட்கார்ந்தேன்.

அடுத்த படம் பெரிசு. கட்டையைத் தயாரிச்சு விக்கறாங்களே, அந்த மாதிரி ஒரு வெளிநாட்டுக் கம்பெனியே கொடுத்த படம். அவங்க ஒரு நிபந்தனை போட்டாங்க. திரையில எதைக் காட்டினாலும், வீடோ கப்பலோ கலங்கரை விளக்கமோ, அதை நிஜக் கட்டையால அப்படியே கட்ட முடியணும். கட்டினா நிக்கணும். கம்ப்யூட்டர்ல என்ன சௌகரியம்னா ஒரு கட்டையை இன்னொரு கட்டைக்குள்ள நுழைச்சுடலாம், யாருக்கும் தெரியாது. அந்தரத்துல தொங்க விடலாம், விழாது. அதெல்லாம் கூடாதுன்னுட்டாங்க. நாளைக்குப் பிள்ளைங்க அதே மாதிரி கட்டிப் பார்த்து, நிக்கலைன்னா ஏமாந்துடும் இல்லையா? அதுக்காக எங்க மூணாவது மாடில ஒரு ரூம். சுவர் பூரா தட்டு. தட்டு நிறைய நிஜக் கட்டை, கலர் கலரா பிரிச்சு. ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டர்ல பண்ணதையும் அங்க நிஜமாக் கட்டிப் பார்த்து, நிக்குது, நிக்கலைன்னு கையெழுத்துப் போட ஒரு ஆளு வேணும்.

யாரும் வரல. கட்டை அடுக்கற வேலையான்னு எல்லாருக்கும் கௌரவக் குறைச்சல். நான் கையைத் தூக்கினேன்.

விழுப்புரம் போயிடுச்சா? சரி சரி. இந்த முறுக்கு எடுத்துக்கங்க, வீட்ல சுட்டது.

முதல்ல கலங்கரை விளக்கம் வந்துச்சு. ஆல்வின் பண்ணது. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. கட்டினேன். மேல கண்ணாடி வர்ற இடத்துல ஒரே ஒரு கட்டை, அரிசி மணி அளவு உள்ளே போயிருந்துச்சு. "கட்ட முடியாது"ன்னு எழுதித் திருப்பி அனுப்பினேன். அதே வாரம் சூர்யபிரபான்னு ஒரு பொண்ணு பண்ண மளிகைக்கடைல அதே தப்பு நாலு இடத்துல. "நிக்குது"ன்னு கையெழுத்துப் போட்டேன். பொய் சொன்னேனா? இல்ல. லேசா அமுக்கினா நின்னுடும். நான் ஆல்வின் கட்டையை அமுக்கல, அவ்வளவுதான்.

திருத்தி அனுப்பினான். திருப்பி அனுப்பினேன். படகு அனுப்பினான், திருப்பினேன். பஸ் டெப்போ அனுப்பினான், திருப்பினேன். ஒரு காரியத்தைக் கவனமா பண்ணேன்க்கா. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அனுப்புவேன். காலைல பதினோரு மணிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா வச்சிருந்து, அவன் பையைத் தோள்ல மாட்டற நேரம் பார்த்து அனுப்புவேன். திங்கக்கிழமைக்குள்ள திருத்தியாகணும்ல? சனி போச்சு, ஞாயிறு போச்சு. அவன் பொண்ணுக்குப் புதுநன்மை, அவங்க கோயில்ல முதல் முதலா அப்பம் வாங்கற நாள். வெள்ளை கவுன், முக்காடு எல்லாம் தைச்சு வச்சிருக்காங்க. அந்த ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு எல்லாரும் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவற நேரத்துக்குத்தான் அவன் போய்ச் சேர்ந்தான்னு கேள்விப்பட்டேன். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஜில்லுனு இருந்துச்சு. மாமனார் கண்ணாடியைக் கழட்டிட்டு அந்த இருட்டுல தேடினாரே, அந்த முகத்தை நெனச்சுக்கிட்டேன். சரியாப் போச்சுன்னு தோணுச்சு. அப்புறம் யோசிச்சா சரியாப் போகல, இன்னும் பாக்கி இருக்குன்னு தோணுச்சு.

அவன் கத்துவான், மேல போய்ப் புகார் சொல்வான்னு பார்த்தேன். சொல்லியிருந்தா எனக்கு இன்னும் வசதி. அவன் என்ன பண்ணான் தெரியுமா? மதியம் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு என் ரூமுக்கு வந்துட்டான். தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இது ஏன் நிக்கலைன்னு காட்டுங்க பூங்கோ, எனக்கு ஸ்கிரீன்ல தெரிய மாட்டேங்குது"ன்னு கேட்டான்.

காட்டினேன். காட்டித்தானே ஆகணும்? எந்தப் பக்கம் பாரம் இறங்குது, எங்க ஒரு நீளக் கட்டை குறுக்க போட்டா தாங்கும், தேஞ்ச கட்டையை எப்படித் தடவியே கண்டுபிடிக்கறது, எல்லாம் சொன்னேன். தினமும் வந்தான். அவன் வீட்டு மீன் வறுவல்ல ஒரு துண்டு என் மூடில வைப்பான். நான் எலுமிச்சை சாதம் கொடுப்பேன். ஆறு மாசம் இப்படி. சில நாள் பேச்சுவாக்குல சிரிச்சுக்கூட இருக்கோம். அதுக்காக மறந்துடுவேனா? சிரிப்பு வேற, கணக்கு வேற.

கடைசில பாலம் வந்துச்சு.

படத்தோட உச்சமே அதுதான். ஆத்துக்குக் குறுக்க ஒரு ரயில் பாலம். ஆல்வின் ஒரு வருஷமா கம்ப்யூட்டர்ல பண்ணது. வெளிநாட்டுக்காரங்க நேர்ல வர்றாங்க, அவங்க முன்னாடி நிஜமாக் கட்டி, மேல ரயிலை ஓட்டிக் காட்டணும்னு எங்க எம்.டி. ரகோத்தமன் சார் சொல்லிட்டாரு. ஆல்வின், சூர்யபிரபா, இன்னும் ரெண்டு பேர், எட்டு நாள் என் ரூம்ல உட்கார்ந்து கட்டினாங்க. இந்த ஸீட்லேர்ந்து டிரைவர் ஸீட் வரைக்கும் நீளம் வரும்னு வச்சுக்கங்க. மஞ்சளும் சாம்பலும். நடுவுல ஒரு தூண் கிடையாது. ரெண்டு கரைலேர்ந்தும் வந்து நடுவுல கோத்து நிக்குது.

நான் தப்பு தேடினேன். எட்டு நாளும் தேடினேன். ஒரு கட்டை உள்ளே போயிருக்கணுமே, ஒண்ணு தொங்கணுமே! இல்ல. நான் சொல்லிக் கொடுத்த இடத்துலயெல்லாம் குறுக்கக் கட்டை போட்டிருந்தான். தண்ணி பாட்டிலை வரிசையா நிக்க வச்சுப் பார்த்தேன், அசையல. சூர்யபிரபா பேப்பரை நீட்டினா. "நிக்குது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் "தேங்க்ஸ் பூங்கோ, நீங்க இல்லன்னா இது நின்னிருக்காது"ன்னான். எனக்கு எரிஞ்சுது பாருங்க. என் வித்தையை வச்சே என் கையெழுத்தை வாங்கிட்டானே!

மறுநாள் காலைல பத்து மணிக்கு அவங்க வர்றாங்க. ஆபீஸே கீழ வாசல்ல மாலையோட, சந்தனத்தோட நிக்குது. நான் மட்டும் ரூம்ல இருந்தேன், கடைசியா ஒரு தடவை பார்த்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு. என் பைல பல்லாவரம் கட்டை இருந்துச்சு. மஞ்சள். கண்ணால பார்த்தா வித்தியாசம் தெரியாது. ஆனா பத்துப் பதினஞ்சு வருஷம் சொருகிச் சொருகி எடுத்தது, பிடிப்பே இருக்காது. சும்மா மேல உட்கார்ந்திருக்கும், பிடிக்காது.

ரெண்டு பக்கமும் கோத்து நிக்கற நடு இடத்துல ஒரு கட்டையை நெம்பி எடுத்து, ஒண்ணை வச்சேன். அப்புறம் இன்னொண்ணு. பாலத்தைத் தோளால தாங்கிக்கிட்டே மாத்தினேன். இருபது இருபத்தஞ்சு கட்டை இருக்கும். கட்டைவிரல் நகம் பிய்ஞ்சு ரத்தம் வந்துச்சு, உள்பாவாடைல துடைச்சுக்கிட்டேன். தோளை எடுத்தேன். நின்னுச்சு. அதோட சொந்த பாரத்துக்கு நின்னுச்சு.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? நீங்க அந்த தியேட்டர்ல இல்ல. பதினாலு பேரோட உட்கார்ந்திருந்தா தெரியும்.

வந்தாங்க. ஒரு வெள்ளைக்காரம்மாவும் ரெண்டு ஆம்பளைங்களும். ரகோத்தமன் சார் முகம் பூரா பல்லு. ஆல்வின் புதுச் சட்டை போட்டிருந்தான், வெளிர் நீலம். ரயிலை அவன் கையாலேயே வச்சான். ரயில் போச்சு. கரை தாண்டிச்சு. நடுப் பக்கம் வந்துச்சு. டக்குனு ஒரு சத்தம், நாக்கைச் சொடுக்கின மாதிரி. அவ்வளவுதான். நடுவுல திறந்துக்கிட்டு, ரெண்டு பக்கமும் அப்படியே மடிஞ்சு, தரை பூரா மஞ்சளும் சாம்பலும் உருண்டு ஓடுச்சு. எம்.டி. ஷூ வரைக்கும் ஓடுச்சு.

அந்த அம்மா ஏதோ ஆறுதலாச் சொன்னாங்க. ரகோத்தமன் சார் பல்லு உள்ள போயிடுச்சு. "என்ன ஆல்வின் இது?"ன்னாரு, தமிழ்ல, மெதுவா. அந்த மெதுவைக் கேட்கத்தான் நான் மூணு வருஷம் காத்திருந்தேன்.

ஆல்வின் முட்டி போட்டு உட்கார்ந்து பொறுக்க ஆரம்பிச்சான். ஒரு மஞ்சள் கட்டையை எடுத்தான். இன்னொண்ணு மேல வச்சு அமுக்கினான். தலைகீழாப் பிடிச்சான். கழண்டு விழுந்துச்சு. திரும்ப வச்சான், திரும்ப விழுந்துச்சு. கட்டைவிரலால அதோட ஓரத்தைத் தடவினான், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் விரலைப் பார்த்தான். நான் ஏசியைப் பார்த்தேன்.

அப்பதான்க்கா எனக்கு உறைச்சுது, நிக்குதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டதே நான்தானே! அவன் வாயைத் திறந்து பழைய கட்டைன்னு ஒரு வார்த்தை சொன்னா, ரூம் என் பொறுப்பு, கட்டை என் பொறுப்பு, கையெழுத்து என்னுது.

அவன் அந்தக் கட்டையைச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டான். எழுந்து நின்னு, "என் கணக்குல தப்பு சார். பூங்கோ பார்த்தப்ப நின்னுச்சு, அப்புறம் நான் நடுவுல கொஞ்சம் மாத்தினேன்"னான்.

மாத்தினானாம்! பெரிய மனுஷன் வேஷம். அவனுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சுதான். இல்ல, தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா சொல்லியிருப்பானே! நானா இருந்தா அங்கேயே கத்தியிருப்பேன்.

தலைவன் பதவியை எடுத்துட்டாங்க. சூர்யபிரபாவுக்குக் கொடுத்தாங்க, அவன் கீழ வேலை பழகின பொண்ணு. மூணு மாசம் அவ கீழ உட்கார்ந்தான். அப்புறம் ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு, பெஞ்சாதி ஊரு திருச்சிங்கறதால குடும்பத்தோட அங்க போயிட்டான். போற அன்னிக்கு என் ரூமுக்கு வந்தான். நான் குனிஞ்சு கட்டை பிரிச்சிட்டு இருந்தேன். "போயிட்டு வர்றேன் பூங்கோ, விரலைப் பார்த்துக்கங்க"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். சாதாரணமாத்தான் சொல்லியிருப்பான்.

நிக்குதுன்னு நான் கையெழுத்துப் போட்ட அந்தப் பாலம் படத்துல அப்படியே இருக்குக்கா. கம்ப்யூட்டர்ல அது நிக்கும். ஜனம் கைதட்டுது.

இந்தத் தடவை பதிமூணு டிக்கெட். மாமனார் அதுக்கு முந்தின தைல போய்ச் சேர்ந்துட்டாரு. பேரு ஓட ஆரம்பிச்சுது. நான் என் பேரைத் தேடலக்கா, சத்தியமா. அவன் பேரு இல்லைங்கறதைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். பாதில போனவங்க பேரு போட மாட்டாங்க, எங்க கம்பெனி சட்டம். வரிசையாப் பார்த்தேன். இல்ல. ஆல்வின் இல்ல. எங்கேயும் இல்ல. அப்ப தனியா, நடுவுல, ஒரு வரி. பூங்கோதை கேசவன். எழுத்துப் பிழை ஒண்ணு இல்லாம. "அமைப்பு வல்லுநர்"னு பட்டம் வேற. எனக்கு அப்படி ஒரு பட்டமே ஆபீஸ்ல கிடையாது.

எங்க அம்மா அழுதுடுச்சு. கலாவல்லி போட்டோ எடுத்துட்டு, "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கே"ன்னாங்க. இருக்கட்டும். எனக்கு அன்னிக்கு ரெண்டுமே கிடைச்சுது. என் பேரு இருந்ததும் அவன் பேரு இல்லாததும். ரெண்டுல எது அதிகம் இனிச்சுதுன்னு கேட்டா, உங்ககிட்ட என்ன, ரெண்டாவதுதான்.

அப்புறம் ஒரு நாள் ஷமீனா, எங்க ஆபீஸ்ல லிஸ்ட்டெல்லாம் பார்த்துக்கற பொண்ணு, கேன்டீன்ல உட்கார்ந்து சொல்லுது. "அக்கா, உங்க ஃபாரத்தை நிரப்பினது ஆல்வின் சார். வேலையை விட்டுப் போற அன்னிக்கு வந்து என் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து நிரப்பினாரு. உங்க ஐடி கார்டு நகலை என்கிட்ட வாங்கிப் பார்த்துப் பேரை எழுத்துக் கூட்டி அடிச்சாரு. அவங்க மெயில் திறக்க மாட்டாங்க, போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு சொன்னாரு. அந்தப் பட்டம்கூட அவர் போட்டதுதான், வெளிநாட்டுக்காரங்ககிட்ட எழுதிக் கேட்டு வாங்கினது."

சொல்லிட்டு அந்தப் பொண்ணு என் முகத்தையே பார்க்குது. நான் அழுவேன்னு நெனச்சுதோ என்னவோ.

நான் கேட்டேன் பாருங்க ஒரு கேள்வி. "மெயில் திறக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியும்ல? அப்ப முதல் படத்துக்கே தெரிஞ்சிருக்கும்ல? தெரிஞ்சும் ஏன் அப்ப நிரப்பல?"

ஷமீனா டம்ளரை எடுத்துட்டு எழுந்து போயிடுச்சு. உங்ககிட்ட பதில் இருக்கா? இருக்காது. அவன் வாயாலேயே மாட்டிக்கிட்டான்க்கா. இத்தனை வருஷம் எனக்கு மனசு ஓரத்துல லேசா ஒரு சந்தேகம் இருந்துச்சு, நாமதான் அவசரப்பட்டுட்டோமோன்னு. அன்னிக்குத் தீர்ந்துச்சு.

இப்பவா? இப்ப அவன் திருச்சில ஒரு சின்ன ஸ்டுடியோ வச்சிருக்கான், தில்லை நகர் பக்கம். எட்டுப் பேரு. அடுத்த படத்துல ஒரு ஊரை மட்டும் பண்ணித் தர்ற வேலையை அவங்களுக்குக் கொடுக்கலாமான்னு எங்க கம்பெனி யோசிக்குது. கொடுத்தா அந்த ஸ்டுடியோ பிழைச்சுக்கும். இல்லன்னா மூடிட வேண்டியதுதான்னு பேச்சு. நேர்ல போய், அவங்க பண்ணி வச்சிருக்கறதைக் கட்டிப் பார்த்து, நிக்குதா இல்லையான்னு எழுதிக் கொடுக்க ஒரு ஆளு போகணும். யாரு போறீங்கன்னாங்க. நான் கையைத் தூக்கினேன்.

நான் வர்றது அவனுக்குத் தெரியுமாவா? தெரியும். நேத்தே மெசேஜ் போட்டான். "பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்துடறேன் பூங்கோ. மதியச் சாப்பாடு எங்க வீட்லதான். வஞ்சிரமா, விரால் மீனான்னு பெஞ்சாதி கேட்கறா."

எவ்வளவு திமிரு பாருங்க. எது வாங்கட்டும்னு என்னையே கேட்கறான்.

விரால்னு போட்டேன்.